ஆறரை இன்ச் ட்ரைவர், இரண்டு டேட்டா ஷீட், ஆறாயிரம் அடி உயரம்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர், செப்டம்பர் 6

வீட்டுக்கு ஒரு ஜோடி டூ-வே ஸ்பீக்கர், அதாவது பெட்டிக்கு இரண்டு ட்ரைவர் (ஒலி எழுப்பும் பகுதி) உள்ளது, செய்யலாம் என்று இருக்கிறேன். பேஸ் கொடுக்கும் ஆறரை இன்ச் ஊஃபரில் இரண்டு வகை பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று வெளிநாட்டுச் சரக்கு, டேட்டா ஷீட்டில் எல்லா எண்ணும் போட்டிருக்கிறான். இன்னொன்று கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் கிடைப்பது; அட்டையில் '300 வாட்ஸ், ஹெவி மேக்னட், 8 ஓம்ஸ்', அவ்வளவுதான். விலை கால்வாசி. காதால் கேட்டால் கடை ஸ்பீக்கர் ஒன்றும் மோசமில்லை. டேட்டா ஷீட்டே ஒரு விளம்பரம்தானே, அதற்குப் போய் நாலு மடங்கு காசா? அப்புறம் இன்னொரு சந்தேகம். கோவையில் அண்ணன் வீட்டில் நன்றாக பேஸ் கொடுத்துக்கொண்டிருந்த பழைய மூடிய பெட்டி, இங்கே மேலே கொண்டுவந்ததிலிருந்து மெலிந்துபோன மாதிரி கேட்கிறது. மலைக் காற்றா காரணம்?

செப்டம்பர் 6, இரவு, குன்னூரிலிருந்து பதில்

இரண்டாவது கேள்விக்கு இப்போதைக்கு ஒரு வரி: காற்று கொஞ்சம், வீடு நிறைய. விவரமாக அப்புறம் எழுதுகிறேன், குன்னூரில் கரண்ட் வந்து வந்து போகிறது.

முதல் கேள்விக்கு: விளம்பரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொய் சொன்னால் மாட்டிக்கொள்கிற விளம்பரம். ஜாதகம் மாதிரி. ஒரு கட்டத்தில் கை வைத்தால் இன்னொரு கட்டம் காட்டிக்கொடுத்துவிடும். '300 வாட்ஸ் ஹெவி மேக்னட்' என்பதில் மாட்டிக்கொள்ள எதுவுமே இல்லை, அதனால்தான் அதை அச்சடிப்பது சுலபம்.

செப்டம்பர் 8

வாட்ஸ் பற்றி முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் கடையில் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான், பெட்டி செய்கிறவனுக்குக் கடைசியாகத் தேவைப்படுவதும் அதுதான்.

எந்த 300? ஏஇஎஸ் (ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி) முறையில் சோதித்தது என்றால், 6 டெசிபல் க்ரெஸ்ட் (உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளி) உள்ள பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சலை இரண்டு மணி நேரம் ஓட்டி, ட்ரைவர் கெட்டுப்போகாமல் இருந்தது என்று அர்த்தம். ஐஇசி 60268-5 என்ற சர்வதேசத் தரத்தைப் போட்டிருந்தால் 100 மணி நேரம் ஓட்டியிருக்கிறார்கள். 'ப்ரோக்ராம் பவர்' என்று போட்டால் வழக்கமாக அந்த எண்ணை இரண்டால் பெருக்கிவிட்டார்கள், 'பீக்' என்றால் நாலால். பிஎம்பிஓ என்றால் கணக்கே கிடையாது, ஸ்டிக்கரில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு சைபர். உங்கள் கடை ஸ்பீக்கரின் டஸ்ட் கேப்பை (கோனின் நடுவில் உள்ள மூடி) பார்த்தாலே உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) 25 மில்லிமீட்டர்தான் என்று தெரிந்துவிடும். அந்த அளவு காயில் உள்ள ஊஃபர் நிஜமாகத் தொடர்ந்து தாங்குவது பெரும்பாலும் 100 வாட்டுக்குள்.

தாங்குவது ஒரு பக்கம், சூடு இன்னொரு பக்கம். செம்புக் கம்பி 100 டிகிரி சூடேறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 39 சதவீதம் ஏறும். அதாவது நீங்கள் வால்யூமைத் திருகத் திருக ஸ்பீக்கர் 3 டெசிபல் வரை உள்ளேயே விழுங்கிக்கொள்ளும். வீட்டில் ஹாலில் உட்கார்ந்து கேட்கும்போது சராசரியாக ஓடுவது ஒன்றிரண்டு வாட். கல்யாணத்துக்கு மைக்செட் கட்டப் போவதில்லையே.

செப்டம்பர் 8, கொஞ்ச நேரம் கழித்து

ஹெவி மேக்னட்டை விட்டுவிட்டேன். காந்தம் கனமாக இருந்தால் பேஸ் அதிகம் என்று ஒரு நம்பிக்கை எல்லா ஊரிலும் இருக்கிறது. மோட்டார் (காந்தமும் காயிலும் சேர்ந்தது) பலமாக ஆக, க்யூஈஎஸ் (காந்தம் கோனின் ஆட்டத்தை அடக்குவதைக் காட்டும் எண்; குறையக் குறைய அடக்கம் அதிகம்) இறங்கும், அதோடு க்யூடிஎஸ்ஸும் (மொத்த அடக்கத்தின் எண்) இறங்கும். அதை மூடிய பெட்டியில் போட்டால் கோனைக் காந்தம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பேஸ் வறண்டுதான் கேட்கும். போர்ட் (காற்றுக் குழாய்) வைத்த பெட்டி அல்லது ஹார்னுக்குத்தான் அந்தப் பலம் உதவும். தவிர, பின்பக்கம் ரப்பர் உறை போட்டு மூடியிருந்தால் உள்ளே இருப்பது எவ்வளவு பெரிய காந்தம் என்று கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். சிரிப்பு வந்தது.

செப்டம்பர் 14

நீங்கள் அனுப்பிய ஷீட்டைப் பார்த்தேன். எஃப்எஸ் (கோன் இயல்பாக அதிரும் ஹெர்ட்ஸ்) 40 ஹெர்ட்ஸ், க்யூஎம்எஸ் (சஸ்பென்ஷனின் அடக்கம்) 3.5, க்யூஈஎஸ் 0.49, க்யூடிஎஸ் 0.43, வாஸ் (சஸ்பென்ஷனுக்குச் சமமான தளர்வு உள்ள காற்றின் அளவு) 28 லிட்டர், எம்எம்எஸ் (ஆடும் பாகங்களின் எடை) 14 கிராம், எஸ்டி (கோனின் பரப்பு) 132 சதுர செ.மீ.

மாட்டிக்கொள்கிற விளம்பரம் என்று சொன்னேனே, இதில் பாருங்கள். க்யூஎம்எஸ்ஸையும் க்யூஈஎஸ்ஸையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் க்யூடிஎஸ் வர வேண்டும்: 1.715-ஐ 3.99-ஆல் வகுத்தால் 0.43. சரி. 14 கிராம் எடை 40 ஹெர்ட்ஸில் அதிர வேண்டுமானால் கோனைத் தாங்கிப் பிடிக்கும் சஸ்பென்ஷனின் தளர்வு நியூட்டனுக்கு 1.13 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அந்தத் தளர்வையும் 132 சதுர செ.மீ. கோனையும் வைத்து வாஸ் கணக்குப் போட்டால் 28 லிட்டர்தான் வருகிறது. இரண்டு வழியிலும் ஒத்துப்போகிறது என்றால் இந்த ஆள் ஒரே ஒரு ட்ரைவரையாவது நிஜமாக அளந்திருக்கிறான். எண்கள் ஒத்துப்போகாத ஷீட்டும் பார்த்திருக்கிறேன். பழைய மாடலின் ஷீட்டில் எஃப்எஸ்ஸை மட்டும் அழகாக இறக்கிவிட்டு வாஸை அப்படியே விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட ஷீட் இருப்பதும் இல்லாததும் ஒன்று.

இந்த எண்களுக்கு ஆஸ்திரேலியாக்காரர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நெவில் தீல் 1961-லேயே போர்ட் பெட்டிக் கணக்கை எழுதி அங்கே ஒரு பத்திரிகையில் போட்டுவிட்டார். வெளி உலகம் கவனித்தது 1971-ல் அமெரிக்க ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் பத்திரிகை அதை மறுபடி அச்சிட்ட பிறகுதான். ரிச்சர்ட் ஸ்மால் சிட்னியில் ஆராய்ச்சி செய்து 1972, 73-ல் மூடிய பெட்டி, போர்ட் பெட்டி எல்லாவற்றையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் வீட்டில் பெட்டி செய்தவர்கள் காதையும் ரம்பத்தையும் நம்பித்தான் செய்தார்கள். நம் ஊர் கடைகள் இன்னும் 1960-லேயே இருக்கின்றன என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எஃப்எஸ்ஸை க்யூஈஎஸ்ஸால் வகுத்தால் உங்கள் ட்ரைவருக்கு 82 வருகிறது. 50 பக்கம் இருந்தால் மூடிய பெட்டி, 100 பக்கம் இருந்தால் போர்ட் என்பது பழைய தோராயக் கணக்கு. நடுவில் நிற்கிறது, எப்படி வேண்டுமானாலும் போகலாம்.

செப்டம்பர் 15

ஒரு கம்பெனி ஷீட்டை இன்னொரு கம்பெனி ஷீட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதில் கம்பெனிக்காரன் பொய்யே சொல்லியிருக்க மாட்டான்.

நார்வேயின் சியாஸ், இந்தோனேசியாவின் எஸ்பி அகூஸ்டிக்ஸ் ஷீட்டுகளில் காயில் எவ்வளவு தூரம் நேராக நகரும் என்பதைப் பீக்-டு-பீக் கணக்கில், அதாவது முன்னும் பின்னும் சேர்த்துப் போடுவார்கள். டென்மார்க்கின் ஸ்கேன்ஸ்பீக் 'பிளஸ் ஆர் மைனஸ்' என்று போடும். அமெரிக்காவின் டேட்டன் ஆடியோ எக்ஸ்மேக்ஸ் என்று ஒரு பக்கத்து அளவை மட்டும் போடும். 11 என்று இங்கே பார்த்துவிட்டு 6 என்று அங்கே பார்த்தால் இரண்டாவது பாதி என்று தோன்றும். கணக்குப் பார்த்தால் இரண்டாவதுதான் அரை மில்லிமீட்டர் கூட. சிலர் காயில் உயரத்திலிருந்து கேப்பின் (காயில் ஆடும் காந்த இடைவெளி) உயரத்தைக் கழித்துப் பாதியாக்கிப் போடுகிறார்கள், சிலர் ஜெர்மனியின் க்ளிப்பல் கருவியில் அளந்து, பிஎல் (காந்தம் காயிலைத் தள்ளும் பலம்) 82 சதவீதத்துக்கு இறங்கும் இடத்தை எல்லையாக வைக்கிறார்கள். இரண்டும் ஒரே எண்ணாக வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சென்சிடிவிட்டியும் (கொடுத்த வோல்ட்டுக்கு எவ்வளவு சத்தம் என்பது) அப்படித்தான். 2.83 வோல்ட் என்றால் 8 ஓமில் ஒரு வாட், 4 ஓமில் இரண்டு வாட். அதனால் 4 ஓம் ட்ரைவர் காகிதத்தில் 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும். உங்கள் ஆம்ப்ளிஃபயர்தான் அந்தக் கூடுதலைக் கொடுக்கிறது, ட்ரைவர் இல்லை. சின்ன ஆம்ப் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஷீட்டில் உள்ள ஒலி வரைபடத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழே 50 டெசிபல் போட்டு வரைந்தால் கோன் உடைகிற இடத்தில் வரும் முகடு மலை மாதிரி நிற்கும். அதே அளவீட்டை 100 டெசிபலில் வரைந்து, மூன்றில் ஒரு ஆக்டேவுக்கு வழவழப்பாக்கினால் கோவை அவிநாசி ரோடு மாதிரி சமமாகிவிடும். இம்பீடன்ஸ் (ஹெர்ட்ஸோடு மாறும் மின்தடை) கோட்டை மட்டும் யாரும் தடவிக்கொடுப்பதில்லை, அதில் 700, 900 ஹெர்ட்ஸ் பக்கம் சின்னச் சுருக்கம் தெரிந்தால் அங்கே சரவுண்டோ (கோனின் ஓர வளையம்) கோனோ ஏதோ சேட்டை செய்கிறது என்று அர்த்தம். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கடைசியாக, அந்த வரைபடம் பெரும்பாலும் 135-க்கு 165 செ.மீ. ஐஇசி பலகையில் மாட்டி எடுத்தது. உங்கள் பெட்டி 20 செ.மீ. அகலம் என்றால் சுமார் 575 ஹெர்ட்ஸிலிருந்து கீழே போகப் போக ஒலி பின்பக்கமும் சுற்றிப் போய்விடும், முன்னால் 6 டெசிபல் வரை குறையும். ஷீட்டில் 88 என்று பார்த்து வாங்கிய ட்ரைவர் பேஸில் 82, 83-தான் கொடுக்கும். கம்பெனி ஏமாற்றவில்லை. உங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய பலகை இல்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 21

சரி, மலைக்கு வருவோம். இதைப் பற்றி எந்த ஷீட்டிலும் ஒரு வரி இருக்காது, ஏனென்றால் ஷீட் எழுதுகிறவர்கள் எல்லாரும் கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாஸ் என்பது கோனின் சஸ்பென்ஷன் எவ்வளவு தளர்வோ அதே தளர்வு உள்ள காற்று எத்தனை லிட்டர் என்பது. காற்றின் விறைப்பு அதன் அழுத்தத்தைப் பொறுத்தது. குன்னூர் சுமார் 1850 மீட்டர், கோத்தகிரி கிட்டத்தட்ட 1800, இங்கெல்லாம் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம். ஊட்டி 2240 மீட்டரில் 76, 77 வரும். அழுத்தம் குறைந்தால் பெட்டிக்குள் அடைத்த காற்றும் அதே அளவு மெத்தென்று ஆகிறது. அதனால் 28 லிட்டர் வாஸ் இங்கே 22 சொச்சம்தான். ட்ரைவரில் எதுவும் மாறவில்லை, அளக்கிற காற்று மாறிவிட்டது.

உங்கள் ஷீட்டை வைத்தே போடுகிறேன். மூடிய பெட்டி, க்யூடிசி (பெட்டியோடு சேர்ந்த க்யூ) 0.707 வேண்டும் என்றால் சென்னையில் 16.4 லிட்டர் பெட்டி தேவை. கோத்தகிரியில் 13.2 லிட்டர் போதும். இரண்டு இடத்திலும் பெட்டியோடு சேர்ந்த ரெசனன்ஸ் ஒரே 66 ஹெர்ட்ஸ்தான். பலகையில் மிச்சம்.

அப்படியானால் கோவையிலிருந்து ஏற்றி வந்த பெட்டி? அது இங்கே கொஞ்சம் பெரிய பெட்டி மாதிரி நடந்துகொள்ளும். க்யூடிசி சற்று இறங்கும், 80, 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்த உப்பல் கொஞ்சம் அடங்கும், அடி ஆழம் ஓரிரு ஹெர்ட்ஸ் கீழே இறங்கும். பழைய பெட்டிகளில் அந்த உப்பலைத்தான் நாம் 'நல்ல பேஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அது போனால் மெலிந்ததாகத் தோன்றுவது நியாயம்தான். ஆனால் இது அரை, ஒரு டெசிபல் சமாச்சாரம்.

பெரிய வித்தியாசம் உங்கள் வீட்டில் இருக்கிறது. அண்ணன் வீடு கான்கிரீட் தளம், செங்கல் சுவர் என்று நினைக்கிறேன். நாலு மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸில் நிலையலை எழும், சுவர் அதை வெளியே விடாது. இங்கே பழைய வீடு என்றால் மரச் சீலிங், மேலே தகரம், பலகைத் தரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். பேஸ் வந்தால் சீலிங் பலகை தானும் ஆடி அதைத் தின்றுவிடும், மிச்சம் ஜன்னல் வழியாகத் தேயிலைக்குப் போய்விடும். பாட்டு ஓடும்போது சீலிங் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரியும்.

பெட்டியைச் சுவரை ஒட்டித் தள்ளி வைத்துக் கேளுங்கள். எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

செப்டம்பர் 22

ராத்திரி படுத்த பிறகு தோன்றியது, நேற்று எழுதியதில் ஒரு பாதி சொல்லாமல் விட்டிருக்கிறது. அழுத்தத்தை மட்டும் பேசினேன், அடர்த்தியைப் பேசவில்லை. கோன் அதே வேகத்தில் ஆடினாலும் காற்று அடர்த்தி குறைந்தால் எழும் ஒலியழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். ஊட்டியில் கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 2 டெசிபல். கோவையே 400 மீட்டருக்கு மேல் இருப்பதாலும் நம் குளிர் காற்றைக் கொஞ்சம் அடர்த்தியாக்குவதாலும், கோவைக்கும் கோத்தகிரிக்கும் வித்தியாசம் ஒரு டெசிபல் சொச்சம்தான். வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும். ஆனால் ஒரே இடத்தில் குமிழை வைத்துவிட்டு 'மெலிந்துவிட்டது' என்று சொல்கிறவருக்கு இதுவும் சேர்ந்துகொள்ளும், ஏனென்றால் ஒலி குறையும்போது காது முதலில் கைவிடுவது பேஸைத்தான்.

ஆக, 'காற்று கொஞ்சம்' என்று நான் சொன்னதில் அந்தக் கொஞ்சம் சற்றுப் பெரிய கொஞ்சம்.

அக்டோபர் 2

ஷீட் இல்லாத ட்ரைவரை எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சவுண்ட் கார்டு, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஆர்ஈடபிள்யூ மென்பொருள். அது இலவசம். ரெசிஸ்டரைத் தொடராக வைத்து இம்பீடன்ஸ் எடுத்தால் எஃப்எஸ்ஸும் மூன்று க்யூவும் வந்துவிடும். வாஸுக்கு மட்டும் கோனில் கொஞ்சம் எடை ஏற்றி இன்னொரு தடவை அளக்க வேண்டும்.

எடைக்கு ஐந்து ரூபாய் நாணயம் வைத்துக்கொள்ளுங்கள். 2011-லிருந்து 2018 வரை வந்த, ரூபாய்க் குறி போட்ட மஞ்சள் நாணயம், 6 கிராம், நிக்கல் பித்தளை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எவர்சில்வர் நாணயங்கள் வேண்டாம், அவை காந்தத்தில் ஒட்டுகிற ரகம். டஸ்ட் கேப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே சட்டென்று இழுத்துக்கொண்டு போய் அப்பிக்கொள்ளும், பேப்பர் கோன் என்றால் பள்ளம் விழும். மஞ்சள் நாணயம் இரண்டை டஸ்ட் கேப்புக்கு இரு பக்கமும் எதிரெதிராக, பிள்ளைகள் விளையாடுகிற க்ளே துளி வைத்து ஒட்டுங்கள். க்ளேயின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு போதும். நாணயம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். லேசாக ஆடினாலும் இம்பீடன்ஸ் முகட்டின் ஓரத்தில் ஒரு பல் முளைக்கும்.

ட்ரைவரை மேஜையில் மல்லாக்கப் படுக்க வைத்து அளக்காதீர்கள், பின்பக்கத் துவாரம் அடைபடும். ஸ்டூலில் நிற்க வைத்து கிளாம்ப் போடுங்கள். அப்புறம், விடியற்காலையில் அளக்காதீர்கள். குளிரில் ரப்பர் சரவுண்டும் ஸ்பைடரும் (காயிலைப் பிடிக்கும் மடிப்புத் துணி) விறைத்துப்போய் எஃப்எஸ் மேலே ஏறிக் காட்டும். மத்தியானம், அறை கொஞ்சம் சூடான பிறகு.

அக்டோபர் 3

முக்கியமானது. மென்பொருள் காற்றழுத்தம் கேட்டால் செல்போனில் வெதர் ஆப்பைப் பார்த்து 1014 என்று போட்டுவிடாதீர்கள். அது கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லும் எண். குன்னூரில் நிஜ அழுத்தம் 810 ஹெக்டோபாஸ்கல் பக்கம். போனிலேயே பாரோமீட்டர் சென்சார் இருந்தால் அது காட்டுவதுதான் சரி. மென்பொருளில் கேட்கவே இல்லை என்றால் அது கொடுக்கும் வாஸைக் கோத்தகிரிக்கு 0.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

நாணயத்துக்குப் பதில் அளவு தெரிந்த பெட்டியில் மாட்டி வாஸ் எடுக்கிற பழைய முறை ஒன்று உண்டு. அதில் இந்தத் தலைவலி இல்லை, பெட்டிக்குள் இருப்பதே நம் ஊர்க் காற்று. இரண்டு முறையிலும் அளந்துவிட்டு 20 சதவீதம் இடிக்கிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் மலையில்தான் இருப்பார்கள்.

அக்டோபர் 19

மழை பிடித்துவிட்டது. வடகிழக்குப் பருவம் குன்னூர், கோத்தகிரிப் பக்கம்தான் அதிகம் கொட்டும், ஷீட்டில் இல்லாத இன்னொரு விஷயத்துக்கு இது சரியான நேரம்.

ஃபோம் சரவுண்ட் உள்ள ட்ரைவரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் இங்கே வாங்காதீர்கள். ஈரத்தில் பிசுபிசுத்து, அப்புறம் விரல் பட்டால் மாவாக உதிரும். ரப்பர் சரவுண்ட் எடுங்கள். பேப்பர் கோன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கோட்டிங் போட்டதா என்று பாருங்கள். பூஞ்சை வந்தாலும் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்துவிடலாம். இரும்புத் துரு அப்படி இல்லை. நடுத்தூணில் முலாம் சரியாகப் போடாத ட்ரைவரில் கேப்புக்குள்ளேயே துரு பூத்து, காயில் உரச ஆரம்பிக்கும். நம் பக்கம் ஊர்த் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டும் ஒரு பெரியவர் எந்த ஊஃபரைக் கொடுத்தாலும் முதலில் கோனை இரண்டு கட்டைவிரலால் ஒரே சீராக அழுத்திக் காதை வைத்துக் கேட்பார். 'கரக்' என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அடுத்தது ஒன்றரை வோல்ட் பேட்டரி. பிளஸ்ஸை சிவப்பு முனையில் தொட்டால் கோன் முன்னால் வர வேண்டும். பழைய ஜேபிஎல் ட்ரைவர்களில் உள்ளே போகும், அது பழுதில்லை, அந்தக் காலத்தில் அவர்கள் வைத்த வழக்கமே அப்படி. இதைச் சொன்னதும் பெரியவர் என்னை நம்பவில்லை, இன்னும் நம்பியதாகத் தெரியவில்லை.

பெட்டிக்கு எம்டிஎஃப் வேண்டாம். வெட்டிய ஓரம் ஈரத்தைக் குடித்து உப்பி, ஸ்க்ரூ பிடி விட்டுவிடும். ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் ப்ளைவுட் 18 மி.மீ. எடுங்கள். தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக் பலகை சும்மா கிடக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம், நன்றாக உலராத பலகை தை மாதப் பனிக்காற்றில் வளைந்து மூலை விட்டுவிடும். மூடிய பெட்டியில் மூலை விட்டால் நீங்கள் போட்ட கணக்கெல்லாம் அந்த ஓட்டை வழியாகப் போய்விடும்.

நவம்பர் 1

உங்கள் அளவுகள் வந்தன. நன்றாகச் செய்திருக்கிறீர்கள், நாணயம் ஒட்டியபோது 44 ஹெர்ட்ஸ் 32.3 ஆனது என்கிறீர்கள், 12 கிராமுக்கு எம்எம்எஸ் சரியாக 14 வருகிறது.

வெளிநாட்டு ட்ரைவர்: ஷீட்டில் எஃப்எஸ் 40, க்யூடிஎஸ் 0.43, உங்கள் அளவில் 44, 0.47. வாஸ் 28-க்கு 23. 'பார்த்தீர்களா, பொய்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். எஃப்எஸ்ஸை க்யூடிஎஸ்ஸால் வகுத்துப் பாருங்கள்: ஷீட்டில் 93, உங்களுடையதில் 93.6. வாஸை எஃப்எஸ்ஸின் வர்க்கத்தால் பெருக்குங்கள்: 44,800-க்கு 44,500. இரண்டும் மாறவில்லை என்றால் காந்தமும் காயிலும் எடையும் சொன்னபடிதான் இருக்கின்றன, சஸ்பென்ஷன் மட்டும் புதுசு, இன்னும் இளகவில்லை. அதனால் பெட்டியும் பெரிதாக மாறாது. 23-ஐ 0.8-ஆல் பெருக்கி உங்கள் க்யூடிஎஸ்ஸைப் போட்டால் 14.6 லிட்டர், ஷீட்டை வைத்துப் போட்டால் 13.2. ரெசனன்ஸ் இரண்டிலும் 66. 14 லிட்டர் என்று வெட்டிவிடுங்கள். ட்ரைவரும் சட்டமும் உள்ளே அடைக்கிற இடத்தை அதற்கு மேல் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடை ஸ்பீக்கர்: ஒன்றில் எஃப்எஸ் 62, க்யூடிஎஸ் 0.81, வாஸ் 10. அதன் ஜோடியில் எஃப்எஸ் 71. இதை மூடிய பெட்டியில் எந்த அளவில் போட்டாலும் க்யூ 0.81-க்குக் கீழே வரவே வராது. 14 லிட்டரில் போட்டால் 1.0 தொடும், 78 ஹெர்ட்ஸுக்குக் கீழே விழுந்துவிடும், அதற்குச் சற்று மேலே ஒரு டெசிபல் சொச்சம் உப்பும். உங்கள் காது 'மோசமில்லை' என்று சொன்னது அந்த உப்பலை. காதைக் குறை சொல்லவில்லை, பழைய பாட்டுக்கு அது இதமாகத்தான் இருக்கும். முதல் நாள் நான் அதைக் கிண்டலடித்த அளவுக்கு அது மட்டமான சரக்கும் இல்லை, கோன் ஒழுங்காக ஒட்டியிருக்கிறது, 1 கிலோஹெர்ட்ஸ் வரை இம்பீடன்ஸ் கோடு சுத்தம். முதுகு திறந்த பலகையில் மாட்டி சமையலறையில் கொடைக்கானல் எஃப்எம் கேட்கலாம், அதற்கு இதுவே பொருத்தம். ஸ்டீரியோவுக்குத்தான் உதவாது, 62-ம் 71-ம் ஜோடி இல்லை. நாலு மடங்கு காசில் பெரும்பங்கு, அடுத்த ட்ரைவரும் இதே மாதிரி இருக்கும் என்பதற்குப் போகிறது.

நவம்பர் 2

ஊட்டியிலிருந்து ஒருவர்: 'போர்ட் பெட்டிக்கும் இதே தள்ளுபடி உண்டா?' பாதி உண்டு. போர்ட்டின் ட்யூனிங், குழாயின் அளவு, பெட்டியின் அளவு, ஒலியின் வேகம் இவற்றைப் பொறுத்தது. வேகம் வெப்பத்தோடுதான் மாறும், உயரத்தோடு இல்லை. 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 10 டிகிரியில் 337, இரண்டு சதவீதம்கூட இல்லை, மறந்துவிடலாம். ஆனால் வாஸ் குறைவதால் பெட்டியைச் சின்னதாக்கலாம், சின்னதாக்கினால் அதே ட்யூனிங்குக்குக் குழாய் நீள வேண்டும். பெட்டி ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் குழாயின் பயனுறு நீளம் நாலில் ஒரு பங்கு கூடும். உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

நவம்பர் 16

போர்ட் என்றதும் ஞாபகம் வந்தது. வராந்தாவில் வைத்திருந்த என் போர்ட் பெட்டி ஒன்று ஒரு பக்கம் மட்டும் பேஸ் இல்லாமல் போய், கிராஸோவரைக் கழற்றி, கெபாசிட்டரை மாற்றி, கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால் குழாயை முக்கால்வாசி மண்ணால் அடைத்துக் குளவி கூடு கட்டியிருக்கிறது. உள்வாயில் கொசு வலை ஒட்டலாமா என்று கேட்பீர்கள். நெருக்கமான வலை காற்றைத் தடுத்து ட்யூனிங்கின் கூர்மையைக் குறைத்துவிடும், சத்தமாக வைத்தால் உஸ் என்று கேட்கும். அகலக் கண் உள்ள பிளாஸ்டிக் வலை குளவிக்கும் பல்லிக்கும் போதும். எறும்புக்கு எதுவும் போதாது.